வரவு, பற்று, மேற்படி

பழைய டைரி கையில் கிடைத்தால் யாரும் முதலில் தேடுவது விலையைத்தான். “ஒரு ரூபாய்க்கு என்னென்ன வாங்கியிருக்கார் பாரு!” என்று வீடே கூடி வியக்கும். வியப்பு அடங்கியதும் டைரி மறுபடி பரணுக்குப் போய்விடும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்த மாதம் சம்பளம் என்ன, எந்த அளவில் அளந்தார்கள், யாரிடம் கைமாற்று வாங்கினார்கள், எந்த நகை அடகுக்குப் போனது என்பதெல்லாம் பெரும்பாலும் அதே பக்கத்தில் இருக்கும். அவற்றையும் சேர்த்துப் படிக்காமல் ‘அந்தக் காலம் மலிவு’ என்று சொல்லிவிடுகிறோம்.

*

தாத்தா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவருடைய டைரிகளில் சம்பவங்கள் குறைவு, கணக்கு அதிகம். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. வலது ஓரத்தில் ரூபாய், அணா, தம்படி என்று மூன்று பத்தி. 0-1-6 என்றால் ஒன்றரை அணா. 12 தம்படி ஓரணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக, ரூபாய்க்கு 192 தம்படி. ஆரம்ப வருஷங்களில் வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸ என்று பழைய குறிகளையே போடுகிறார். பிறகு அவை மெல்ல மறைந்து சாதாரண எழுத்து வந்துவிடுகிறது.

இந்த ‘மேற்படி’க் குறியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அரிசி, ௸, ௸, ௸ என்று ஒரே மாதத்தில் வரிசையாக வந்தால் மூட்டையாக வாங்கக் கையில் பணம் இல்லை, அன்றன்றைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். சில்லரையாக வாங்குகிறவருக்கு விலை எப்போதும் கூடுதல். வசதியான மாதத்தில் அரிசி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

*

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பழைய விலையைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

கறிகாய் வீசைக் கணக்கு. ஒரு வீசைக்கு 40 பலம், இன்றைய எடையில் சுமார் 1.4 கிலோ. பலம் என்பது 35 கிராம் அளவு. தங்கமும் வெள்ளியும் தோலா, 11.66 கிராம். இவற்றைக்கூடப் பெருக்கி வகுத்துச் சரிசெய்துவிடலாம். நெல்லும் அரிசியும்தான் சிக்கல். 12 மரக்கால் ஒரு கலம் என்பது பரவலான வாய்பாடு. ஆனால் மரக்கால் எவ்வளவு? சென்னைக் கணக்கில் 8 படி. தஞ்சாவூர்க் கலமோ மொத்தமே 24 சென்னைப் படி. அப்படியானால் தஞ்சாவூர் மரக்கால் 2 படிதான். ஒரே பெயர், நான்கு மடங்கு வித்தியாசம். செங்கல்பட்டுப் பக்கத்து டைரியையும் மன்னார்குடிப் பக்கத்து டைரியையும் அருகருகே வைத்து ‘மரக்கால் நெல் என்ன விலை’ என்று ஒப்பிட்டால் முழுத் தவறாகிவிடும். குத்தகை அளக்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால் வைத்திருந்த வீடுகளைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள்.

மெட்ரிக் எடைக்கு 1956இல் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தாத்தாவின் டைரியில் கிலோ நுழைந்த பிறகும் பல வருஷம் பக்கத்திலேயே வீசையும் இருக்கிறது. கடைக்காரர் கிலோவில் நிறுத்தார். பாட்டி வீசையில் சமைத்தார்.

*

1957 ஏப்ரல் 1. ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்த நாள். அந்த மாதத்துப் பக்கத்தின் மேல்மூலையில் தாத்தா ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்: ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: காலணா 2, அரையணா 3, முக்காலணா 5.

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. காலணாவின் சரியான மதிப்பு ஒன்றரைப் பைசாவுக்குக் கொஞ்சம் மேல். அதை முழுமையாக்கி 2 ஆக்கினார்கள். காலணாவுக்குக் கறிவேப்பிலை, காலணாவுக்குப் பொட்டுக்கடலை, காலணாவுக்கு வெற்றிலை, காலணாவுக்கு உப்பு என்று தனித்தனியாக நான்கு தடவை வாங்கினால் ஓரணா சாமானுக்கு 8 பைசா கொடுத்தாக வேண்டும். மொத்தமாக ஓரணாவுக்கு வாங்குகிறவர் 6 பைசாவோடு முடித்துக்கொள்வார். நாணயம் மாறியதில் யார் நஷ்டப்பட்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பக்கத்தை நான் பார்த்ததில்லை.

‘நயா’ 1964இல் போய்விட்டது. நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் நின்றது. 25 காசு நாணயம் 2011 ஜூனோடு செல்லாது என்று அறிவித்த பிறகுதான் நாலணா கையைவிட்டுப் போனது.

*

“அன்றைய 75 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு?” எல்லோரும் கேட்கும் கேள்வி. 75 என்ற தொகையை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் கணித மேதை ராமானுஜனுக்குக் கொடுத்த ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 75 ரூபாய்.

அந்த நாளில் பிரிட்டிஷ் சவரன் நாணயம் ஒன்று 15 ரூபாய் என்று சர்க்கார் நிலையாக வைத்திருந்தது. 75 ரூபாய் என்றால் சரியாக 5 சவரன். அந்த நாணயமும் நம் நகைச் சவரன் போலவே 22 காரட், ஏறக்குறைய 8 கிராம். 2024 மார்ச் கடைசியில் சென்னையில் சவரன் 50,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில், தங்கத்தால் அளந்தால் ராமானுஜனின் உதவித்தொகை மாதம் இரண்டரை லட்சம்.

இப்போது தபால் கார்டால் அளந்து பார்ப்போம். 1913இல் கார்டு காலணா. ரூபாய்க்கு 64 கார்டு, 75 ரூபாய்க்கு 4,800. அதே கார்டு பிறகு 50 காசு. 4,800 கார்டுக்கு 2,400 ரூபாய். கார்டால் அளந்தால் மாதம் இரண்டாயிரத்து நானூறு!

இரண்டு கணக்கும் சரியே. தங்கம் ஏறிய வேகம் வேறு, சர்க்கார் மானியத்தில் நிறுத்திவைத்த கார்டு விலை ஏறிய வேகம் வேறு. அரிசியால் அளந்தால் மூன்றாவதாக ஒரு தொகை வரும், வீட்டு வாடகையால் அளந்தால் நான்காவதாக ஒன்று. ‘அன்றைய ஒரு ரூபாய் இன்றைய இத்தனை ரூபாய்’ என்று ஒரே எண்ணைச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். எந்தப் பொருளால் அளந்தார் என்று முதலில் கேளுங்கள்.

உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது சம்பளம் 50 ரூபாய். அதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த 50 ரூபாயில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், சுவடி தேடி ஊர் ஊராகப் போன வண்டிச் சத்தம் எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்தால்தான் அது சம்பளமாகத் தெரியும்.

*

விலை ஏறினால்தான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டு நேர்மாறாகச் சொல்கிறது. அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. 1930க்குப் பிந்தைய பக்கங்களில் நெல் விற்ற வரவு பாதியாகத் தேய்கிறது. உலகமெங்கும் மந்தம், நெல் கேட்பாரில்லை. வாங்கித் தின்கிறவருக்கு மலிவு. விற்கிறவருக்கோ கிஸ்தி, அதாவது நிலவரி, குறையவில்லை. கிஸ்தி ரூபாயாக நிர்ணயித்தது. நெல் என்ன விலைக்குப் போனாலும் கட்டியாக வேண்டும். அதே கிஸ்தியைக் கட்ட இரண்டு பங்கு நெல்லை விற்க வேண்டியிருந்தது. வாங்கிய கடனும் வட்டியும் அப்படியே.

அதே காலத்தில் ஒரு வரி: ‘காப்பு விற்ற வகையில் வரவு’. யாருடைய காப்பு என்று இல்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. நாடு முழுக்கக் கிராமத்துக் குடும்பங்கள் நகையை விற்றன, அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போனது. பொருளாதார வரலாற்றில் படித்திருந்தேன். எங்கள் வீட்டு நோட்டில் அது ஒரே வரி, பென்சிலில். ஏட்டில் படித்தது மனசில் பதிந்தது அந்த வரியைப் பார்த்த பிறகுதான்.

*

யுத்தத்தின் நடுவே, 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. குண்டு விழும் என்ற பயத்தில் ஏப்ரலில் சென்னை காலியானது. பிறகு கட்டுப்பாட்டு விலை, ரேஷன். தாத்தாவின் வரவுப் பத்தியில் ‘பஞ்சப்படி’ தலைகாட்டுகிறது. பற்றுப் பத்தி அதைவிட வேகமாக நீள்கிறது. நாணயத்துக்கு உலோகம்கூடத் தட்டுப்பாடு. 1943இல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது.

இந்த வருஷங்களில் அரிசி இரண்டு விதமாக எழுதியிருக்கிறது. ஒன்று வெறும் ‘அரிசி’. இன்னொன்று ‘அரிசி (வெளியில்)’. இரண்டாவதன் விலை அதிகம். அத்தையிடம் கேட்டேன்.

“‘வெளியில்’னா என்ன அத்தை?”

“கண்ட்ரோல் கடையில அளந்தது பத்தாதுடா. ராத்திரி வந்து அளந்துட்டுப் போவாங்க. அப்பா விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனா எழுதாம இருக்க மாட்டார்.”

வீட்டு டைரிக்கு உள்ள மதிப்பு இதுதான். சர்க்கார் பதிவேட்டில் கட்டுப்பாட்டு விலை இருக்கும். அந்த விலைக்கு எவ்வளவு கிடைத்தது, மிச்சத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அடைப்புக்குறிக்குள் எழுதிய ஒரு சொல்லில் இருக்கிறது.

*

யாழ்ப்பாணத்து நண்பர் தன் வீட்டுக் கணக்குக் கொப்பியைக் காட்டினார். 1953இல் இலங்கையில் ரேஷன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். பிரதமர் டட்லி சேனநாயக்கா அந்த வருஷமே பதவி விலகினார். கொப்பியில் அரசியல் ஒரு சொல்கூட இல்லை. அரிசி வரி மட்டும் கனத்திருக்கிறது. 1970களின் பக்கங்கள் வேறு மாதிரி. இறக்குமதிக்குத் தடை வந்ததால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. தோட்டக்காரர் கல்வீடு கட்டிய அதே வருஷங்களில் பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசை. 1977இல் இறக்குமதி திறந்ததும் மிளகாய் விலை விழுந்தது.

*

டைரியில் இல்லாதவை.

பால். எங்கள் வீட்டில் பால் கணக்கு டைரிக்கு வந்ததே இல்லை. அது அடுக்களைச் சுவரில் கரிக்கோடு. மாதம் முடிந்ததும் பணம் கொடுத்துவிட்டுத் துணியால் துடைத்துவிடுவார்கள். ஒரு வீட்டின் முக்கியமான செலவு வெள்ளையடிப்போடு போய்விட்டது.

பாட்டியின் சிறுவாடு. அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் இருந்த காசு. தாத்தாவின் பற்றில் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணம் இல்லாத வருஷங்கள் உண்டு. கட்டணம் கட்டாமல் இருந்ததில்லை. அத்தையைக் கேட்டால் “அம்மா கொடுத்தா” என்பார். வீட்டுக் கணக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் வீட்டு ஆண்களின் கணக்கு.

வண்ணாருக்கும் நாவிதருக்கும் அறுவடைக் களத்தில் அளந்த நெல். உப்பு வண்டிக்காரரிடம் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கியது. காசு கைமாறாததால் இவை விலையாகவே பதியவில்லை.

*

மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய இன்மை ஒன்று உண்டு. டைரி எழுதியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், கொஞ்சமாவது வைத்துச் செலவழிக்க இருந்தவர்கள். அவர்கள் வயலில் நடவு நட்டவர் வீட்டில் டைரி இல்லை. அவர் நம் டைரிகளில் வருவது ‘கூலி, நெல், இத்தனை படி’ என்ற வரியாக. பெயர்கூட இருக்காது.

தாது வருஷப் பஞ்சத்தில், 1877இல், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கிற உடம்புக்கு அது காணாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பஞ்சத்தில் தானியம் என்ன விலை விற்றது என்பதற்கு ஆவணம் நிறைய உண்டு. அந்த ஓரணாவைக் கையில் வாங்கியவர் அதை என்ன செய்தார் என்று ஒரு வரிகூட அவர் கையால் நமக்கு இல்லை.

கீழத் தஞ்சையில் கூலி நெல்லாகவே நீடித்தது. கூலியாக அளக்கும் நெல்லில் அரைப்படி கூடக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பழைய டைரியில் ‘அரைப்படி’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு அது வெறும் அளவாகத் தோன்றுவதில்லை.

*

அரிசி அரசியலான வருஷங்கள் டைரியில் நன்றாகத் தெரிகின்றன. 1960களின் நடுவில் தட்டுப்பாடு; 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைப்பு. அடுத்த வருஷத் தேர்தலில் தி.மு.க.வின் முழக்கம், ரூபாய்க்கு ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’. 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். தாத்தாவின் ஊருக்கு அது வரவில்லை. “பட்டணத்தில் படி ரூபாய்” என்று மட்டும் ஒரு நாள் எழுதியிருக்கிறார், பக்கத்தில் எங்கள் ஊர் விலையோடு. கருத்து எதுவும் எழுதவில்லை.

2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம். நம் காலத்து டைரியை நாளை யாராவது எடுத்தால் அரிசி வரியே இல்லாத வீடுகளைக் காண்பார்கள். அப்போது ‘இவர்கள் அரிசி சாப்பிடவில்லையா’ என்று குழம்பாமல் இருக்க, இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும்.

*

தீப்பெட்டியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. டைரிகளில் மிகச் சின்னத் தொகை பெரும்பாலும் இதுதான். 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய். 14 வருஷம் அசையாமல் நின்று 2021 டிசம்பரில் 2 ரூபாய். இடையில் மெழுகு, அட்டை, பாஸ்பரஸ் எல்லாம் ஏறின. சில்லரை வசதிக்காக விலையை நிறுத்திவைத்தால் அந்தச் சுமை சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்துச் சின்னத் தொழிலகங்கள் மேலும் அங்கே பெட்டி அடைக்கிற பெண்கள் மேலும்தான் விழும். ஏறாத விலைக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள்.

*

மொய் நோட்டுகளை யாரும் விலைவாசி ஆவணமாகப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். யார், எந்த ஊர், எவ்வளவு என்று ஒரு கல்யாணத்தின் முழுப் பட்டியல் அது. வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டித்தான் செய்ய வேண்டும். 1950களில் எழுதிய இரண்டு ரூபாய்க்கு இருபது வருஷம் கழித்து என்ன திருப்பினார்கள் என்று இரண்டு நோட்டையும் ஒப்பிட்டால், ரூபாய் எவ்வளவு தேய்ந்தது என்று ஊர் மக்களே போட்ட கணக்கு கிடைக்கும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து நோட்டுகளை யாராவது முறையாகப் படித்தால் பெரிய உதவி.

*

ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் புதுச்சேரியில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்தது. வராகனும் பணமும் காசுமாக அதில் வரும் தொகைகள் இன்றும் ஆராய்ச்சிக்கு உதவுகின்றன. அவர் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), பெரிய மனிதர்; அதனால் பாதுகாத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரின் டைரியை, மளிகைக்கடைப் பேரேட்டை, அடகுச் சீட்டை யார் பாதுகாப்பார்கள்? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் நூலோடு பத்திரிகையும் அழைப்பிதழும் துண்டுப் பிரசுரமும் விடாமல் சேர்த்தார். அதுதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எல்லோராலும் அவ்வளவு முடியாது. ஆனால் ஒவ்வொரு வீட்டாலும் கொஞ்சம் முடியும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டைரியோ கணக்கு நோட்டோ மொய் நோட்டோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பூச்சி அரித்திருந்தாலும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து இரண்டு பேரிடமாவது வையுங்கள். எழுதியவர் என்ன வேலை பார்த்தார், எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். வீட்டில் எழுபது எண்பது வயதுக்காரர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். படி என்றால் எந்தப் படி, ‘வெளியில்’ என்றால் எங்கே, காப்பு யாருடையது என்று கேளுங்கள். இந்த வருஷமே கேளுங்கள்.